வீட்லதான இருக்கா

சங்கரன்கோவிலில் டிசைனர் என்றால் சேலைக்கு டிசைன் போடுகிறவர் என்று அர்த்தம். கட்டம் போட்ட தாளில் கரையையும் முந்தியையும் வரைந்து, அந்தக் கட்டக் கணக்கை அட்டையில் துளைகளாக்கித் தறிக்கு மேலே மாட்டக் கொடுக்கிறவர். விசைத்தறிச் சத்தம் தெருவுக்குத் தெரு கேட்கும் ஊரில் வேறெப்படிப் புரிந்துகொள்வார்கள்? அதனால் என் பழைய மாணவி ஒருத்தி 'புராடக்ட் டிசைனர்' ஆனபோது அவளுடைய அம்மா அக்கம்பக்கத்தில், "மெட்ராஸ்ல சேலைக் கம்பெனில இருக்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மகள் திருத்தப் பார்த்தாள். "போன்ல ஒரு பொத்தானை அமுக்குறல்லாம்மா, அது எங்க இருக்கணும், என்ன பேருல இருக்கணும்னு யோசிக்கிறது என் வேலை." அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாராம்: "அதுக்கா மாசம் இம்புட்டுச் சம்பளம் தாரான்?"

அந்த அம்மா முப்பது வருடம் தார் சுற்றியவர். ஒரு தாருக்கு இவ்வளவு என்று கூலி எண்ணி வாங்கியவர். அவர் கேட்ட கேள்வியில் தப்பில்லை.

பெயரைப் போடக் கூடாது, கம்பெனியைச் சொல்லக் கூடாது என்று இரண்டு நிபந்தனை விதித்துத்தான் இதை எழுத அவள் சம்மதித்தாள். எனக்கு அவள் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் பழக்கம். கணினி அறிவியல் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு என்பது தூங்கி எழுவதற்கான ஒரு மணி நேரம். இவள் தூங்கமாட்டாள். நோட்டின் ஓரத்தில் புள்ளி வைத்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். படித்து முடித்துச் சென்னைக்குப் போனாள், ஓ.எம்.ஆர். சாலையில் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் லேப்டாப் பையோடு ஊருக்குத் திரும்பினாள். உள்ளூரிலேயே கல்யாணம் முடிந்தது. கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சம்மதித்துவிட, மாடியறை ஆபீஸ் ஆனது. எங்கள் மாவட்டத்தில் இது பெரிய அதிசயமில்லை. தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ 2011இலேயே அலுவலகம் திறந்துவிட்டது. முதுகுப்பை மாட்டிய பெண்பிள்ளைகளைப் பேருந்தில் பார்த்து ஊர் பழகிவிட்டது. ஆனால் பஸ் ஏறிப் போகிற பெண் வேலைக்குப் போகிறாள் என்பது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். மாடிப்படி ஏறிப் போகிற மருமகள் எங்கே போகிறாள்?

"வீட்லதான இருக்கா." சொந்தக்காரர்கள் அவளைப் பற்றிச் சொல்வது இதைத்தான். வீட்டில் இருப்பதால் கேஸ் சிலிண்டரை வாங்கி வைக்கலாம், பால் காய்ச்சலாம், மத்தியானம் வருகிற விருந்தாளிக்கு ஒரு காப்பி போடலாம். காலை பத்து மணிக்கு அவளுக்கு 'ஸ்டாண்ட் அப்' என்றொரு கூட்டம். நின்றுகொண்டே சீக்கிரம் முடிக்க வேண்டிய கூட்டம் என்பதால் அந்தப் பெயராம். எல்லோரும் உட்கார்ந்துகொண்டுதான் பேசுகிறார்கள், இவள் ஒருத்தியைத் தவிர. இவள் ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றபடி பேசுகிறாள். குக்கர் விசில் வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணி மைக்கை அணைக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் டீமில் நான்தான் மேடம் என்று சிரித்தாள்.

அவள் செய்யும் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அம்மாவின் கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது. சின்னக் கடைக்காரர்கள் கணக்கு எழுதுவதற்கான செயலி ஒன்று. அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் போனில் பேசிப் பேசி, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஃபிக்மாவில் திரை திரையாக வரைந்து, அதை மறுபடி அவர்களிடமே காட்டி, மறுபடி மாற்ற வேண்டும். ஒருமுறை கணக்கைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டுவிடும் கடைக்காரப் பெண்களின் எண்ணிக்கை ஏன் கூடுதலாக இருக்கிறது என்று கம்பெனி கேட்டது. படிப்பு போதவில்லை, ஆங்கிலம் தெரியவில்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். இவள் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசினாள். கடையை நடத்துவது அந்த அம்மா. ஆனால் சிம் கார்டு கணவர் பெயரில், போன் அவருடைய சட்டைப் பையில். உள்ளே நுழைவதற்கான ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். அவர் வயலிலோ டீக்கடையிலோ இருப்பார். எண் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். நான்கு தடவை அப்படி ஆனபின் அந்த அம்மா பழைய நோட்டுக்கே திரும்பிவிட்டார். ஒரு கணக்கில் இரண்டு எண்களைச் சேர்க்கலாம் என்று மாற்றுவதற்கு இவள் நான்கு மாதம் வாதாட வேண்டியிருந்தது. அம்மாவின் கேள்விக்கு அவள் இந்தக் கதையைப் பதிலாகச் சொன்னபோது, அம்மா, "இதுக்குக் குடுக்கலாம்" என்றாராம்.

வேறொரு கதையையும் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 2014இல் ஆப்பிள் தன் போனில் உடல்நலச் செயலி ஒன்றைச் சேர்த்தது. நடந்த அடிகள், தூங்கிய நேரம், இரத்த அழுத்தம், சாப்பாட்டில் எவ்வளவு உப்பு, எவ்வளவு செம்பு என்பதுவரை அதில் குறித்துக்கொள்ளலாம். மாதவிடாய்த் தேதியைக் குறிக்க மட்டும் இடமில்லை. எங்கள் பாட்டிமார் சுவரில் கரிக்கோடு போட்டுக் குறித்துவந்த கணக்கு அது. பெண்கள் சுட்டிக்காட்டிய பிறகு 2015இல்தான் சேர்த்தார்கள். மறந்திருப்பார்கள் என்று சொல்வார்கள். அந்த அறையில் இருந்த யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை என்பதுதானே விஷயம்?

இனி அவளுடைய வலது கை.

போன வருடம் தொடக்கத்தில் நடுராத்திரியில் கை மரத்துப்போய் எழ ஆரம்பித்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். சுண்டுவிரல் மட்டும் தப்பிக்கும். கையை உதறினால் கொஞ்சம் சரியாகும். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் மேலே கட்டியிருக்கும் தசைநாருக்கும் நடுவே ஒரு குறுகிய பாதை இருக்கிறது. அதன் வழியாகப் போகும் நரம்பு நசுங்கினால் இப்படி ஆகும். கார்ப்பல் டனல் என்று பெயர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருவது. கர்ப்ப காலத்திலும் தைராய்டுக் குறைபாட்டிலும் இன்னும் கூடும்.

திருநெல்வேலியில் ஒரு மருத்துவரிடம் போனார்கள். அவர் கையைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்துப் பேசினார். "மாவாட்டுறது, துணி பிழியுறதெல்லாம் கொஞ்ச நாள் வேண்டாம். ராத்திரி இந்தப் பட்டையைக் கட்டிக்கிடட்டும்." அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால் எல்லோரும் சொன்னது வேறு: "அந்த லேப்டாப்பைத் தட்டித் தட்டித்தான் இப்படி ஆயிருச்சு, வேலையை விட்ருட்டி." ஆக மருத்துவருக்கு அவளுடைய வீட்டுவேலை மட்டும் தெரிந்தது, வீட்டாருக்கு அவளுடைய ஆபீஸ் வேலை மட்டும் தெரிந்தது. ஆளுக்கொரு பாதி. கை ஒன்றுதான். எட்டு மணி நேரம் மவுஸ் பிடித்த கைதான் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைக்கிறது, தேங்காய் துருவுகிறது. வேலையை விடுவதா வேண்டாமா என்ற பேச்சு அந்த வீட்டில் மூன்று மாதம் ஓடியது. தேங்காய் துருவுவதை வேறு யார் செய்வது என்ற பேச்சு வரவேயில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறது. 2019 கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமானது என்று சந்தோஷப்படுவதற்குள் கழித்துப் பார்த்துவிடுங்கள். முன்பு வித்தியாசம் 202 நிமிடம், இப்போது 201. ஐந்து வருடத்தில் ஒரு நிமிடம்!

அவளுடைய மாடியறைக்குப் போயிருந்தேன். மேசை நல்ல தேக்கு. அவள் மாமனார், தான் கணக்கு எழுதுவதற்காகப் பல வருடங்களுக்கு முன் ஆசாரியை வைத்துச் செய்தது. அவர் ஆறடிக்குப் பக்கம், இவள் நாலடி பதினோரு அங்குலம். மேசைக்கு ஏற்ப நாற்காலியை உயர்த்தினால் கால் தரையில் படவில்லை. நாற்காலியைத் தாழ்த்தினால் தோளைத் தூக்கி, மணிக்கட்டை மடக்கி, மேசை விளிம்பில் அழுத்தித் தட்ட வேண்டியிருக்கிறது. காலுக்குக் கீழே தம்பியின் பழைய பிளஸ் டூ புத்தகக் கட்டு ஒன்றை வைத்திருந்தாள். "இயற்பியலுக்கு இப்பத்தான் ஒரு உபயோகம் வந்திருக்கு மேடம்."

மேசையின் உயரம் யாருடைய உடம்பிலிருந்து எடுத்தது என்று நாம் கேட்பதில்லை. இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து, வடிவமைப்பாளர்களுக்கென்று தேவ்குமார் சக்ரவர்த்தி எழுதிய புத்தகத்தை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் வெளியிட்டது. எந்த ஆசாரி கையில் அது போய்ச் சேர்ந்தது? அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் என்றொரு பெண் இருந்தார். 1878இல் பிறந்தவர், உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். கணவரோடு சேர்ந்து தொழிற்சாலைகளில் உழைப்பாளர்களின் உடலசைவுகளை ஆராய்ந்தார். 1924இல் கணவர் இறந்ததும், பெண் ஒருத்தியை நம்பித் தொழிற்சாலையை ஒப்படைப்பதா என்று நிறுவனங்கள் பின்வாங்கின. அடுப்படி என்றால் ஒப்புக்கொள்வார்கள் என்று அவர் அடுப்படிக்கு வந்தார். அடுப்பும் தொட்டியும் எந்த உயரத்தில் இருந்தால் இடுப்பு வலிக்காது என்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டுச் சேகரித்ததாகச் சொல்வார்கள். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டியும் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டுகளும் அவர் யோசனைகள். அவர் வந்து நூறு வருடம் ஆகப்போகிறது. நம் ஊரில் வீடு கட்டும்போது அடுப்பு மேடையின் உயரத்தைக் கொத்தனார்தான் இன்னமும் தீர்மானிக்கிறார். தன் இடுப்பில் கை வைத்துக் காட்டி, "இம்புட்டுப் போதும்லா" என்பார்.

வலி என்றால் எங்கள் ஊருக்குத் தெரியாதா என்ன? ஆடித்தபசு பார்த்தவர்களுக்குத் தெரியும். அரியும் அரனும் ஒன்றாகக் காட்சி தர வேண்டும் என்று கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவமிருந்த கதைதான் அந்தத் திருவிழா. அந்த நாட்களில் பெண்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள், நூற்றியோரு சுற்று, அதற்கும் மேலே. ஆடிச்சுற்று என்று பெயர். நின்று நின்று வலிக்கும் அம்மனின் காலுக்காக அந்த வலியைத் தாங்கள் வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. எனக்குக் கோயில் வழக்கம் அதிகமில்லை. ஆனாலும் ஒரு பெண்ணுக்குக் கால் வலிக்கும் என்று ஒரு ஊரே நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். சுற்றி முடித்து வீட்டுக்கு வருகிற பெண்ணின் காலை யார் பிடித்துவிடுவார்கள் என்பது தனி.

துணிக்கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்களுக்கு முக்காலி ஒன்று போட வேண்டும் என்று சட்டம் வருவதற்கே தமிழ்நாட்டில் 2021 ஆகிவிட்டது. கேரளத்தில் மூன்று வருடம் முன்பே வந்தது, அங்கே விற்பனைப் பெண்கள் அதற்காகப் போராடினார்கள். நிற்கிறவளுக்கு உட்கார இடமில்லை, உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க நேரமில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபதடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பார்க்க வேண்டும் என்று கண் மருத்துவர்கள் சொல்வார்கள். அவளுடைய மாடி ஜன்னலிலிருந்து பத்தடியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

சரி, பொழுதுபோக்கு. இந்தச் சொல்லின்மேல் எனக்கொரு கோபம் உண்டு. பொழுது தானாகப் போய்க்கொண்டிருக்கும் ஒருத்திக்கு அதைப் போக்க என்ன தேவை? ஒரு விழாவில் என்னை மேடைக்கு அழைத்தவர், "மேடம் காலேஜ்ல வேலை பாக்காங்க, கவிதை எழுதுறது அவங்க ஹாபி" என்றார். எனக்கு முன்னால் பேசிய ஆண் கவிஞர் வங்கியில் வேலை பார்ப்பவர். அவரைக் 'கவிஞர்' என்றுதான் அழைத்தார்கள், வங்கியைப் பற்றிப் பேச்சே இல்லை.

அவளுக்குக் கோலம். வாசலில் போடுவது ஒரு கடமையாகக் காலையில் முடிந்துவிடும். இரவில் பிள்ளை தூங்கிய பிறகு கட்டம் போட்ட நோட்டில் போடுவதுதான் அவளுக்கானது. இதையும் திரை வேலையையும் அவள் வேறுவேறாக நினைக்கவில்லை. மெக்கின்டோஷ் கணினி 1984இல் வந்தபோது அதன் திரைச் சின்னங்களை வரைந்த சூசன் கேர் என்ற பெண், முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு கட்டங்களைத் தாளில் நிரப்பித்தான் தொடங்கினார். தையல் வேலை அம்மாவிடம் கற்றவர். துணியில் கட்டம் எண்ணித் தைக்கிறவளுக்குத் திரைப்புள்ளி ஒன்றும் புதிதில்லை. நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. 1974இல் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். நான் சொல்வது உவமை இல்லை, கணினி அறிவியலில் வரும் கணித இலக்கணம். எழுதிய மூவரில் இருவர் பெண்கள். தமிழ் வகுப்பில் நோட்டு ஓரத்தில் கோலம் போட்டவளிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நான் பாடத்தைத்தான் கவனிச்சிருக்கேன்" என்றாள்.

பனுவல் என்ற சொல்லுக்குப் பஞ்சு நூல் என்றும் பொருள், படிக்கிற நூல் என்றும் பொருள். சங்கப் பாட்டில் நூல் நூற்கிறவள் பெண், அதிலும் ஆண் துணை இல்லாத பெண். அந்த நூலுக்கு அவளுக்கு என்ன கிடைத்தது என்பது பாட்டில் இல்லை. என் மாணவி கேட்டாள்.

அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்த தாய்மாமா ஒரு சிக்குக் கோலத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். அவருக்குத் தறி செட் உண்டு. மூன்று மாதம் கழித்து அந்தக் கோலம் ஒரு காட்டன் சேலையின் கரையில் வந்தது. நன்றாகப் போயிற்று, நான்கு நிறத்தில் மறுபடி ஓட்டினார்கள். மாமா பெருமையாக ஒரு சேலையைக் கொண்டுவந்து கொடுத்தார். இவள் வாங்கிக்கொண்டு, "டிசைனுக்கு என்ன மாமா தருவீங்க?" என்று கேட்டாள். அட்டை அடிக்கிறவருக்கு, பாவு ஓட்டுகிறவருக்கு, தார் சுற்றுகிறவருக்கு எல்லாம் கூலி உண்டு என்று அவளுக்குத் தெரியும். "வீட்டுப் பிள்ளைக்கு என்னட்டி கூலி?" என்று மாமா சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. வெளியூர் டிசைனர் ஒருவருக்கு அவர் என்ன கொடுப்பார் என்று விசாரித்து வைத்திருந்தாள், அந்தத் தொகையைச் சொன்னாள்.

மாமா எழுந்து போனவர் நான்கு மாதம் பேசவில்லை. ஒரு கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவுக்குத்தான் பெரிய சங்கடம், கூடப் பிறந்தவர் அல்லவா? எல்லோரும் இவளைத்தான் சொன்னார்கள்: இவ்வளவு சம்பளம் வாங்குகிறவளுக்கு இது ஒரு பணமா, பொழுதுபோக்குக்குக் கிறுக்கினதுக்கா காசு? இரவில் கை மரத்துப்போனதும் இதே மாதங்களில்தான். பட்டையைக் கட்டிக்கொண்டு நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

அம்மா ஒருநாள் மாடியேறி வந்து அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்திருக்கிறார். எப்படி வலிக்கும், எந்த விரல், ராத்திரியா பகலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். பிறகு தன் கையை நீட்டினார். "எனக்கும் இப்பிடித்தான ஏட்டி, பதினஞ்சு வருசமா. இதுக்குப் பேரெல்லாம் இருக்கா?"

அந்த வாரமே அம்மா தம்பி வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது ஒரு கவர் கொண்டுவந்தார். கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. "மிச்சம் அடுத்த பாவுக்கு" என்றாராம்.

அந்தப் பணத்தில் அவள் ஆசாரியைக் கூப்பிட்டாள். தேக்கு மேசையைத் தொடுவதற்கு மாமனார் லேசில் சம்மதிக்கவில்லை, இரண்டு நாள் சாப்பாட்டின்போது பேசாமல் இருந்தார். ஆசாரி அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கையிலிருந்து தரைக்கு அளவு எடுத்து, நாலு காலிலும் நாலு அங்குலம் அறுத்தார். அறுத்த துண்டுகளை அவர் சாக்கில் போடப்போகும்போது கீழேயிருந்து மாமியார் மூச்சு வாங்க மேலே வந்தார். அத்தை சண்டைக்குத்தான் வருகிறார் என்று இவள் பயந்திருக்கிறாள். அவர் துண்டுகளை எடுத்து ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக நிறுத்தி உயரம் பார்த்தார். "இதை என் கட்டில் காலுக்கு அடியில வச்சுத் தாங்களேன். காலைல எந்திரிக்க முட்டு விட மாட்டேங்கு."